எதிராளிக்குச் சொல்லி அனுப்பிய வெள்ளிக்கிழமை

1

கயல், அன்பு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும். கயல் திருச்சி ஹாஸ்டலிலும் அன்பு அரியலூர் வீட்டிலும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி முடித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை கயல் வீட்டுக்கு வரும்போது படித்தாலும் போதும். அவசரம் இல்லை. அப்பா பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த ஆள். எழுத்தில் தப்பு இருந்தால் கயல் திருத்திக்கொள்ளலாம், சேதியை மட்டும் திருத்த வேண்டாம்.

லீவில் வந்திருந்தபோது கருவாட்டுக் குழம்பும் சோறும் முன்னால் இருக்க, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கும். சட்டக் கல்லூரிப் போட்டியில் கயலுக்குக் கொடுத்திருந்த தலைப்பு அது. ஆப்பிரிக்க நாடுகள் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை விட்டு விலகுவது சரியா, தப்பா.

கயல், அம்மாவுக்காக நீ அதை விளக்கினாய். நெதர்லாந்து நாட்டில் ஒரு கோர்ட்டு இருக்கிறது. ஒரு நாட்டில் கும்பல் கும்பலாக மனுசரைக் கொன்று, அந்த நாட்டுக் கோர்ட்டே அதை விசாரிக்காமல் விட்டால், அந்தக் கோர்ட்டு விசாரிக்கும். நாடுகள் கையெழுத்துப் போட்டு அதில் சேர வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் நிறையச் சேர்ந்தன. பிறகு, கூண்டில் நிற்பவர்கள் எல்லாம் ஆப்பிரிக்கர்களாகவே இருக்கிறார்களே என்று அவர்களுக்குக் கோபம் வந்தது. இப்போது சில நாடுகள் விலகுகிறோம் என்றே அறிவித்துவிட்டன.

"குண்டு போட்டு ஊரையே அழிக்கிற பெரிய நாட்டுக்காரன் ஒருத்தனையாச்சும் அந்தக் கோர்ட்டு புடிச்சு உள்ள வெச்சிருக்கா? ஆப்பிரிக்காக்காரன்தான் இளிச்சவாயனா?" என்றான் அன்பு.

"இப்ப மத்த நாட்டு ஆளுங்க மேலயும் வாரண்டு போட்டிருக்காங்கடா. நீ லாரி ஆபீஸ்ல ரீல்ஸ் பாத்துட்டு வந்து பேசாத. அதுக்காகக் கொல பண்ணவன விட்டுடலாமா?"

"பாத்தியாம்மா, கோட்டு போடறதுக்கு முன்னாடியே எனக்குத் தண்டனை குடுக்கிறா."

அம்மா இரண்டு பேர் தட்டிலும் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நீங்கதான் ஆப்பிரிக்காவிலயே இருக்கீங்களே, சொல்லுங்கப்பா என்றீர்கள். நான் குழம்பு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் நான் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். எங்க போனீங்க என்று கேட்டதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு பதிலும் ஒன்றுதான். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2

நான் வேலை செய்யும் நாட்டின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். வருசா வருசம் பர்மிட்டுக்காக இமிக்ரேசன் ஆபீஸில் பத்து விரலையும் பதித்துவிட்டு நிற்கிறவன் நான். பீட்டர், சைமன் என்று எழுதுவதும் அவர்களுடைய நிஜப் பெயர்கள் அல்ல.

அரியலூர் சிமெண்ட் ஆலையில் கற்றுக்கொண்ட அதே வேலைதான் இங்கேயும். சுண்ணாம்புக்கல் வேகிற சூளை, நெருப்பு, கன்ட்ரோல் ரூம். கல்லுக்கு ஊர் தெரியாது. ஆனால் பேருக்கு ஊர் உண்டு என்று இங்கே வந்துதான் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் இங்கே எல்லாரும் என்னைச் சின்னசாமி என்றே கூப்பிடுகிறார்கள். அது உங்கள் தாத்தா பெயர், என் பெயர் வேறு என்று முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் சின்னசாமியை வாடா போடா என்று கூப்பிட்டவர்கள் உண்டு. இங்கே மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை மிஸ்டர் சின்னசாமி என்கிறார்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

பீட்டரும் சைமனும் என் ஷிப்ட் ஆட்கள். இரண்டு பேருக்கும் முப்பதுக்கு மேல் வயசு. என்னை ம்ஸே என்பார்கள், பெரியவர் என்று அர்த்தம். மூன்று பேருக்கும் ஒரே டீ பிளாஸ்க். நான் இஞ்சி போட்டு டீ வைத்தால் சைமன் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு கப் குடிப்பான். அம்மாவை இங்கே மாமா என்பார்கள். பீட்டர் முதன்முதலாக, "மாமா உனக்கு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாங்க" என்றபோது, யார் அந்த மாமா, என்ன வேலை பார்க்கிறார் என்று நான் விசாரித்ததைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நாங்கள் பேசிக்கொள்வது பாதி இங்கிலீஷ், பாதி அவர்கள் பாஷை. இங்கே அதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு இனம். அவர்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு தேர்தல் நடந்து, பிறகு பெரிய கலவரம் ஆகியிருக்கிறது. பீட்டரின் அண்ணன் டேவிட்டை லாரியில் வந்த கும்பல் ஒன்று இழுத்துப்போனது. அவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அந்தக் கும்பல் சைமனுடைய இனம். இது எனக்குத் தெரியவே பல மாதம் ஆயிற்று. ஒரே பிளாஸ்க்கில் டீ குடிக்கிறவர்களுக்கு நடுவில் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்.

3

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் டி.வி.யில் அந்தச் செய்தி வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் சில நாடுகள் கோர்ட்டை விட்டு விலகுகின்றன என்று. சைமன் மேஜையைத் தட்டினான்.

"சபாஷ். நம்ம ஆளுங்களக் கூண்டுல ஏத்தி வேடிக்கை பாக்கிறதுக்குன்னே கட்டின கோர்ட்டு. நாமளும் வெளிய வரணும்."

பீட்டர் கரண்டியைக் கீழே வைத்தான். "வெளிய வந்து?"

"நம்ம கதைய நாமளே பேசிக்கலாம்."

"பேசுங்களேன். எங்கண்ணன் போயி எத்தன வருசமாச்சு. எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

"எங்க பக்கமும் செத்தாங்க பீட்டர். எங்க சித்தப்பாவ வூட்டோட கொளுத்துனாங்க. அவருக்காக எந்த வெள்ளைக்காரி மெஷினோட வந்து கேட்டா?"

பீட்டர் எழுந்து போய்விட்டான். அவன் அம்மாவிடம்தான் கோர்ட்டு ஆட்கள் அப்படிப் பேச்சைப் பதிகிற மெஷினோடு வந்து கேட்டிருக்கிறார்கள். கலவரத்துக்குப் பிறகு அந்தக் கோர்ட்டு இந்த நாட்டுப் பெரிய தலைவர்களையே விசாரிக்கக் கூப்பிட்டது. சாட்சிகள் ஒவ்வொருவராகச் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள், சிலர் காணாமல் போனார்கள், கடைசியில் கேஸ் நிற்காமல் போயிற்று. டேவிட் எங்கே என்ற கேள்வி அந்த அம்மாவிடமே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து பிளாஸ்க் இரண்டானது. ஒன்று பீட்டருக்கு, இன்னொன்று சைமனுக்கு. நான் இரண்டு இடத்திலும் குடித்துக்கொண்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

4

பிள்ளைகளா, இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. நம் மாணிக்கம் பெரியப்பா காலை இழுத்து இழுத்து நடப்பாரே, அது பிறவிக் குறை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. வாய்க்கால் தண்ணீரில் கால் கழுவினார் என்று நிலம் வைத்திருந்த தெருக்காரர்கள் மண்வெட்டிக் காம்பால் அடித்த அடி அது. அடித்தவர்களில் ஒருவர் ஊரில் பெரிய கை. ஊர்க் கூட்டத்தில் நமக்குள்ள பேசிக்கலாம் என்றார்கள், ஆனால் பேசவில்லை. தாத்தா அரியலூருக்குப் போய் போலீஸ், கோர்ட்டு என்று அலைந்தார். ஊரைக் காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் வாங்கினார்.

அந்தப் பெரிய கை ஒருநாள் தாத்தாவை வழிமறித்துக் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டா சின்னசாமி, ஜில்லா பூரா அடிதடி நடக்குது. எங்க ஊரு ஒண்ணுதான் கோர்ட்டு கண்ணுக்குத் தெரியுதா?"

தாத்தா துண்டை இடுப்பிலிருந்து எடுக்காமல்தான் நின்றார். ஆனால் பதில் சொன்னார். "அது நெசந்தாங்க. எல்லா ஊர்லயும் புடிக்கத்தான் செய்யணும். ஆனா எங்க புள்ளைய அடிச்சது இந்த ஊர்லதானுங்களே."

கயல், அன்பு, நீங்கள் சண்டை போட்டபோது இரண்டு பேரும் எனக்கு அந்த வழியில் நிற்பது போலத்தான் தெரிந்தது. அன்பு கேட்டதும் நிஜம், அதற்குத் தாத்தாவே நெசந்தாங்க என்று சொல்லிவிட்டார். அந்த நிஜத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று கயல் சொல்வதும் நிஜம்.

கோர்ட்டில் கேஸ் இழுத்துக்கொண்டே போனதால் தாத்தா எல்லைக் காளி கோயிலில் காசு வெட்டிப் போட்டார். நீங்கள் டவுனில் வளர்ந்தவர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். நியாயம் கிடைக்காதவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு நின்று, அநியாயம் செய்தவர் பெயரைச் சொல்லி, கல்லின் மேல் காசை வைத்து உளியால் இரண்டாக வெட்டுவது. இனி இதை நீ பார்த்துக்கொள் என்று தாயிடம் விடுவது. அதில் நம் ஊருக்கென்று ஒரு முறை இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் எதிராளிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் அவர் வந்து பேசினால் வெட்டு இல்லை, வராவிட்டால் வெட்டு. சொல்லாமல் வெட்டினால் அது செல்லாது. பெரிய கை அந்த வெள்ளிக்கு வரவில்லை. வெட்டி ஒரு மாதம் கழித்துத்தான் வந்தார், மாணிக்கம் பெரியப்பா முன்னால் வந்து நின்றார். காளிக்குப் பயந்தாரா, ஊர் வாய்க்குப் பயந்தாரா என்று எனக்குத் தெரியாது. கால் நேராகவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் பெரியப்பா தலை நிமிர்ந்து டீக்கடைக்குப் போனார்.

பீட்டர் மனசு ஆறட்டும் என்று இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு காசைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"நீ லீவுக்குப் போறேல்ல ம்ஸே. வெட்டிட்டு வா. எங்கம்மா அனுப்பிச்சாங்க."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாச்சே பீட்டர்."

"ஞாயித்துக்கெழம போறோம். இது வெள்ளிக்கெழம வேலைதானே."

5

லீவில் அன்று விடிந்ததும் நான் பஸ் ஏறிப் போனது அந்தக் கோயிலுக்குத்தான். திங்கள், வெள்ளி என்றால் சிறுவாச்சூர் காளியிடம் கூட்டம் அள்ளும். நம் எல்லைக் காளிக்கு வெள்ளியில் பத்துப் பேர் வந்தாலே பெரிசு. பூசாரி இப்போது செல்வம். என்னைவிட இளையவன். மற்ற நாளில் குட்டியானை வண்டியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்கு ஓட்டுகிறான். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதென்னண்ணே, நம்ம காசு மாரி இல்ல, ஒத்தச் சிங்கம் போட்டிருக்கு."

விசயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

"ஆத்தாளுக்கு எல்லா ஊரும் ஒண்ணுதாண்ணே, அதுல சங்கடம் இல்ல. சங்கடம் எனக்குத்தான். ஈரத்துணியோட நிக்கறதுக்கு அந்தம்மா வரணும். வருவாங்களா?"

"ஏரோப்ளேன் ஏறுற வயசு இல்லப்பா."

"சரி, நீங்க அவங்க சார்பா நிக்கறீங்கன்னே வெச்சுக்குவோம். எதிராளிக்குச் சொல்லியாச்சா?"

"இல்லியே."

"என்னண்ணே, உங்கப்பா வெட்டுன கல்லு இது. மொறை தெரியாத ஆளா நீங்க? சொல்லிட்டு அடுத்த வெள்ளி வாங்க."

அவன் சொன்னது எனக்கு நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. பெரிய தலைவருக்கு நான் சொல்லி அனுப்ப முடியாது. அந்தப் பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தான். கோயில் வேப்பமரத்தடியிலேயே நின்று போனை எடுத்து சைமனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "தம்பி, டேவிட் விசயமா பீட்டர் வூட்டுலேர்ந்து காசு குடுத்திருக்காங்க. எங்க காளிகிட்ட வெட்டப் போறேன். உங்க பக்கத்துக்குச் சொல்ல வேண்டியது மொறை. அடுத்த வெள்ளிக்குள்ள வந்து பேசினா வெட்டு இல்ல." கேட்டுவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு ஜெயங்கொண்டத்தில் உங்களுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கு முன்பே ஆலையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். காசு வெட்டாமலே பெட்டியில் வந்தது.

6

பீட்டர் வழக்கமாகக் கேட் வரை வந்து பெட்டியை வாங்கிக்கொள்வான். இந்த முறை வரவில்லை. கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சைமன்கிட்ட சொல்லிட்டியாமே."

"சொல்லணும் பீட்டர். எங்க ஊரு மொறை..."

"எங்க ஊரு மொறை என்னன்னு கேட்டியா? இங்க புகார் குடுத்தவன் பேரு எதிர்ப்பக்கத்துக்குத் தெரிஞ்சா அந்த வூடு காலியாயிடும். சாட்சி சொன்னவங்கள்லாம் எப்படிப் போனாங்கன்னு நினைக்கிறே? எங்கம்மாவக் கொண்டுபோய் அக்கா வூட்டுல வெச்சிருக்கேன். கதவத் தொறக்க வேணாம்னு சொல்லியிருக்கேன். உன்ன நம்பித்தானே குடுத்தோம்."

நம் ஊரில் நியாயமாக இருக்கிற ஒன்று இன்னொரு ஊரில் ஆளைக் கொன்றுவிடும் என்று அந்த நாற்காலி முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன். கயல், சாட்சிகளின் பெயரை மூடி வைப்பார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். எதற்கு அந்த ஒளிவு மறைவு, நேருக்கு நேர் பேசுவதுதானே என்று நான் கேட்டேன். இப்போது கேட்க மாட்டேன்.

காசை அவனிடம் நீட்டினேன். "வெட்டலியா?" என்றான். வெட்டவில்லை என்றேன். வெட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. அவங்களே வந்து நிக்கணும் என்று பூசாரி கேட்டதையும் சொன்னேன்.

"உன் காளியும் அதேதான் கேக்கறா. அந்தக் கோர்ட்டும் கடல் தாண்டி வந்து சொல்லச் சொல்லித்தான் கேட்டுச்சு. எங்கம்மாவுக்கு மார்க்கெட்டத் தாண்டத் தெரியாது." காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சைமன் அந்த வாரம் முழுக்கத் தன் பிளாஸ்க்கோடு தனியாகவே உட்கார்ந்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ம்ஸே, சொல்லி அனுப்பினா வரணும்னு சொன்னே. எங்க வரணும்?"

"அந்த வெள்ளிதான் போயிடுச்சேப்பா."

"எனக்குச் சொன்னது போகலியே. எனக்கு இதுவரைக்கும் யாருமே சொல்லி அனுப்பினதில்ல. டி.வி.யில திட்டுவாங்க, நாங்க திருப்பித் திட்டுவோம். உங்க ஆளு பண்ணது, வந்து பேசுன்னு டேவிட் பேரச் சொல்லி என்னக் கூப்பிட்டது நீதான். எங்க வரணும், சொல்லு."

பீட்டரிடம் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவன் திரையைப் பார்த்தபடியே கேட்டான். பிறகு, "நீ முன்னால வா. அவன் பின்னால வரட்டும்" என்றான்.

7

ஞாயிறு மத்தியானம் போனோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட வீடு, பீட்டரின் அக்கா வீடு. இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் சர்க்கரையும் டீத்தூளும் கொண்டுபோவார்கள். சைமன் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். பீட்டரின் அம்மா குள்ளமான மனுசி. தலையில் பூப்போட்ட துணி. என்னைப் பார்த்து, "அந்த வாழைப்பழ மாமா நான்தான்னு இவருகிட்ட சொல்லு" என்று பீட்டரிடம் சொன்னார். அந்தக் கதை அவர் வரைக்கும் போயிருக்கிறது. பயத்தில் இருந்த எனக்கு அந்த ஒரு வார்த்தையில் உயிர் வந்தது.

சைமனை உட்காரச் சொன்னார். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"உங்கப்பா என்ன வேலை?"

"டிராக்டர் ஓட்டுறாரும்மா."

"கலவரத்தப்ப உனக்கு என்ன வயசு?"

"ஆறாவது படிச்சேன்."

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதவனப் போட்டு நான் என்ன கேக்க? ரெண்டு வெள்ளைக்காரப் பொண்ணுங்க வந்தாங்க. எல்லாம் கேட்டாங்க, நல்ல பொண்ணுங்க, அழுதாங்க. போயிட்டாங்க. உங்க ஆளுங்க யாரும் வரல. எங்க கவர்மெண்டும் வரல. நீதான் முதல்ல வந்திருக்கே." சர்க்கரையையும் டீத்தூளையும் அவன் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "பெரிய ஆளு ஜெயிலுக்குப் போறதும் போகாததும் பீட்டர் பாத்துக்கட்டும். என் புள்ள எங்க இருக்கான்னு எனக்குச் சொல்லணும். மஞ்சள் பனியன் போட்டிருந்தான், பந்தாட்டப் பனியன். உங்கப்பாவக் கேளு."

சைமன் தலை குனிந்தே இருந்தான். கேக்கறேன் என்று மட்டும் சொன்னான். வரும்போது அந்த அம்மா எனக்கு மட்டும் இல்லாமல் அவனுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அதையும் மார்போடு அணைத்துக்கொண்டுதான் அவன் பஸ் ஏறினான்.

அடுத்த மூன்று விடுமுறையும் அவன் ஊருக்குப் போய்வந்தான். முதல் முறை அவன் அப்பா அவனைக் கத்தி விரட்டியிருக்கிறார். "வெள்ளைக்காரன் கோர்ட்டுக்கு என்ன இழுத்துட்டுப் போகவா வந்தே?" என்று. இரண்டாம் முறை வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தானாம். மூன்றாம் முறை அவரே பேசினார். அந்த லாரி வந்துபோன மறுநாள் காலையில் டிராக்டர் கொண்டுவரச் சொன்னார்கள், ஆற்றோரக் குழியில் மண் தள்ளச் சொன்னார்கள், மஞ்சளாக ஒன்றைப் பார்த்தேன் என்றார். இடத்தைக் காட்டுகிறேன், ஆனால் போலீஸ் வேண்டாம், போட்டோ வேண்டாம், எந்தக் கோர்ட்டுக்கும் போகக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

பீட்டர் கொதித்துப்போனான். "அது சாட்சி. அத மூடி வெச்சுட்டு வந்து பாருன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு எந்தக் கோர்ட்டு கேட்டாலும் நான் என்ன சொல்லுவேன்?"

"நான் செத்தப்பறம் நீ கோர்ட்டுக்குப் போ. எனக்கு இப்ப எடத்தக் காட்டச் சொல்லு" என்றார் அவன் அம்மா.

கயல், இது சட்டப்படி தப்பு என்று நீ சொல்வாய். பீட்டரும் அதைத்தான் சொல்கிறான், அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு, நம்ம கதைய நாமளே பேசிக்கிட்டாங்க பாத்தியா என்று நீ ஜெயித்தது போலப் பேசாதே. இத்தனை வருசம் யாரும் பேசவில்லை. அந்தக் கோர்ட்டு ஒன்று இருக்கிறது என்ற பயத்தில் ஒரு மனுசன் வாயை மூடினான். அதே கோர்ட்டிலிருந்து வந்த பெண்கள்தான் அந்த அம்மா சொன்னதை முதன்முதலாக உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டையும் ஒரே பேச்சில் எப்படிச் சேர்த்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கயல், இனி எந்தப் போட்டியில் நீ எந்தப் பக்கம் பேசினாலும் சரி, அந்த மஞ்சள் பனியனைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொண்டு பேசு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

8

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனார்கள். பீட்டர், அவன் அம்மா, அக்கா, சைமன். அங்கே சைமனின் அப்பா ஆற்றோரத்தில் நிற்பதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றேன். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் லீவு, நானும் போனால் சூளையைப் பார்க்க ஆள் இல்லை. அதை அணைத்துவிட்டு எழுந்து போகிற காரியம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

கன்ட்ரோல் ரூமில் நான் மட்டும். திரையில் நெருப்பு. பதினொரு மணி வாக்கில் சைமனிடமிருந்து ஒரு வரி வந்தது. "வந்துட்டோம். அவங்க அம்மா மண்ணுல உக்காந்திருக்காங்க."

நம் தெருவில் பிணம் எடுத்துப் போனால், தெரிந்தவரோ தெரியாதவரோ, செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்போம். டேவிட்டை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவனுக்காக ஒருத்தரும் நிற்கவில்லை. நான் குனிந்து, வேலை நேரத்தில் கழற்றக் கூடாது என்று கம்பெனி எழுதி ஒட்டியிருக்கிற அந்தக் கனமான ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டையும் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, வெறுங்காலோடு எழுந்து நின்றேன். ஷிப்ட் மாற்ற ஆள் வரும் வரை நின்றுகொண்டேதான் நெருப்பைப் பார்த்தேன்.